கூற்றுரிமையும் தொடர்பாடல் மாதிரிகளும்

மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு தொடர்பு கொள்கின்றனர் என்னும் வினாவுக்கு விடையாக மாணவர்க்கு முதலிற் கற்பிக்கப்படுவன சில கோட்டுப் படங்களேயாகும். இடப்புறம் ஒரு பெட்டி. அதிலிருந்து புறப்படும் ஓர் அம்புக்குறி. அது சென்று முடியும் மற்றொரு பெட்டி. முதற் பெட்டியில் அனுப்புநரும் இரண்டாவதிற் பெறுநரும் இடம்பெறுவர். பரீட்சை விடைத்தாளில் விரைவாக வரைந்துவிடக்கூடிய இப்படங்கள், தொடர்பாடல் என்னும் சிக்கலான சமூகச் செயலை முற்றாகத் தெளிவாக்கிவிட்டன போன்ற தோற்றத்தைத் தருகின்றன. இத்தோற்றம் எவ்வளவு தூரம் உண்மையானது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்குரிய களத்தை நாம் தொலைதூரத்தில் தேடவேண்டியதில்லை. பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் வீதியிலுள்ள கெலிஓயாவையும், அதனையடுத்த உடுநுவரக் கிராமங்களையும், அவற்றுக்கப்பால் விரியும் மலையகத் தேயிலைத் தோட்டங்களையும் நோக்கினாலே போதும். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கூடிப் பழகும் இப்பிரதேசம் இம்மாதிரிகளைச் சோதித்தற்கு ஏற்ற உரைகல்லாகும்.

முதலில் இம்மாதிரிகளின் பிறப்பினை நோக்குதல் தகும். அமெரிக்க அரசியல் அறிஞரான ஹரல்ட் லாஸ்வெல் 1948இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே தொடர்பாடலை ஆராய்வோர் எழுப்பவேண்டிய வினாக்களை ஐந்தாக வகுத்தார். கூறுபவர் யார், கூறப்படுவது யாது, எவ்வழியாற் கூறப்படுகிறது, யாரை நோக்கிக் கூறப்படுகிறது, விளைவு யாது என்பனவே அவை. எளிமையும் பயன்பாடும் மிக்க இப்பாகுபாடு இன்றும் பாடநூல்களில் முதலிடம் பெறுகின்றது. ஆயின் லாஸ்வெல், முதலாம் உலகப் போர்க்காலப் பிரசார முறைகளை ஆராய்ந்து 1927இல் நூல் எழுதியவர் என்பதும் உடன்வைத்து நோக்கத்தக்கது. பிரசாரம் செய்பவருக்கு வேண்டியது, தாம் கூறியது பிறரிடத்தே என்ன மாற்றத்தை உண்டாக்கிற்று என்னும் கணக்கே. கேட்டவர் திருப்பிக் கூற விரும்புவது யாது என்பது அவரது கவலையாக இருப்பதில்லை. ஐந்து வினாக்களுள் அவ்வினா இடம்பெறாமைக்கான காரணத்தை இங்குதான் காண்கிறோம்.

அதே 1948ஆம் ஆண்டில், பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கணிதவியலாளர் குளோட் ஷனன் தமது கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். செய்தி மூலம், செலுத்தி, வழி, வாங்கி, சேரிடம் என்பனவும், இடையிலே புகுந்து குறிகளைக் குலைக்கும் இரைச்சலும் அவரது படத்தின் உறுப்புக்களாகும். தொலைபேசிக் கம்பியின் வழியே எவ்வளவு தகவலை, எவ்வளவு பிழையின்றி அனுப்பலாம் என்பதே ஷனனின் பிரச்சினை. செய்தியின் பொருள் தமது பொறியியற் பிரச்சினைக்குப் புறம்பானது என்பதை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். எனவே, அவர்மீது குறை கூறுவது நேர்மையாகாது. 1949இல் வாரன் வீவர் எழுதிய விளக்கத்தோடு அக்கோட்பாடு நூலுருப் பெற்ற பின்னர், கம்பிக்கு வரையப்பட்ட படத்தை மனித உறவுக்கும் உரிய படமாகக் கொண்டவர்களே விமர்சனத்துக்குரியவர்கள்.

இப்படங்கள் ஒருவழிப் பாதையாக அமைந்திருந்தமை விரைவிலே உணரப்பட்டது. 1954இல் வில்பர் ஷிராம் வெளியிட்ட மாதிரியில் அம்புக்குறிகள் வட்டமாகின. அனுப்புநரும் பெறுநரும் மாறி மாறி ஒரே பணியைச் செய்வதாக அவர் காட்டினார். இருவரது அனுபவப் புலங்களும் எவ்வளவுக்கு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றனவோ அவ்வளவுக்கே விளக்கம் ஏற்படும் என்பதும் அவரது கருத்தாகும். 1960இல் டேவிட் பேர்லோ, இரு சாராரின் அறிவு, மனப்பாங்கு, பண்பாடு, சமூக அமைப்பு என்பவற்றையும் தமது மாதிரியிலே சேர்த்துக்கொண்டார். பின்னூட்டல் என்ற சொல் இக்காலத்திற் பெருவழக்குப் பெற்றது. ஒருவழிப் பாதை இருவழிப் பாதையாயிற்று, குறை தீர்ந்தது என்றே பலரும் கருதினர்.

குறை தீர்ந்ததா? கெலிஓயாக் கடைத்தெருவில் நடைபெறும் பேரத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒருவர் தோட்டத்திலிருந்து வந்தவரோடு தமிழிலும், அருகில் நிற்பவரோடு சிங்களத்திலும் விலை பேசுவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. ஷிராமின் வட்டம் இதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஆயின் அது பொருந்துவதற்குக் காரணம் மொழியறிவு மாத்திரமன்று. விலை ஒவ்வாதாயின் அடுத்த கடைக்குச் செல்ல வாடிக்கையாளரால் இயலும். அந்த உரிமையே அவரது சொல்லைக் கடைக்காரர் செவிமடுக்கும்படி செய்கின்றது. அவ்வுரிமை இல்லாத ஓரிடத்தில் அதே வட்டத்தை வரைந்து பார்த்தால் என்ன நிகழும்? மாதிரிகள் பற்றிய உண்மையான சோதனை அங்கேதான் தொடங்குகின்றது.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிப் பிரதேசத்து லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு விரிந்து வளர்ந்த தோட்ட அமைப்பு, தொடர்பாடல் என்ற நோக்கிலும் ஒரு முழுமையான அமைப்பாகும். விடியுமுன் தப்பு ஒலிக்கும். பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். துரையின் கட்டளை கண்டக்டருக்கும், அவரிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், பின்னர் கங்காணிக்கும், இறுதியாகக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் இறங்கிவரும். ஷனனின் அளவுகோலால் நோக்கின் இது குறைவற்ற அமைப்பு. வழி தெளிவானது; இரைச்சல் சொற்பம்; செய்தி சேரிடத்தை அடைகின்றது. லாஸ்வெலின் ஐந்தாம் வினாவுக்கும் விடை உண்டு: மாலையில் நிறுக்கப்படும் கொழுந்தின் நிறையே விளைவு. பின்னூட்டலும் உண்டு, கங்காணி கீழுள்ளோரின் நிலையை மேலே அறிவிப்பார். ஆயின் அவ்வறிவிப்பு அடுத்த நாட் கட்டளையைத் திருத்துவதற்கே பயன்பட்டது. பின்னூட்டல் என்ற பெயரில் மாதிரிகள் சேர்த்துக்கொண்ட உறுப்பின் இயல்பு இங்கு வெளிப்படுகின்றது. அனுப்புநர் தமது குறியைச் சரிசெய்துகொள்ள உதவும் கருவி அது. பெறுநர் தமது கருத்தை நிலைநாட்டுவதற்கான உரிமை அதனுள் அடங்குவதில்லை. பின்னூட்டலும் மறுமொழியும் ஒன்றல்ல என்பதை நாம் அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

இவ்வமைப்பின் மொழிநிலைச் சான்றாக, ஆங்கிலேயத் தோட்டத்துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுதப்பட்ட கைந்நூல்களைக் குறிப்பிடலாம். அவற்றுள் ஒன்று, ஏ. எம். பெர்கியூசன் எழுதியது, 'இங்கே வா' என்ற தலைப்பையே கொண்டிருந்தது. சின்னத்துரையின் சட்டைப்பைக்குரிய தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. 1915இல் வெளிவந்த வெல்ஸ் என்பாரின் நூலோ, கூலித் தமிழ் என்பதையே பெயராகச் சூடியது. வா, வாரும், வாருங்கள் என்னும் மூன்றும் உணர்த்தும் செய்தி ஒன்றே: கேட்பவர் அருகில் வரவேண்டும். கம்பிக்குரிய கணக்கில் அவற்றிடையே வேறுபாடு மிகச் சிறிது. தமிழறிந்த எவருக்கும் அவை மூன்று வெவ்வேறு செயல்கள். முதற்சொல்லைத் தோட்டத்திற் கேட்டவர், தம்மை அழைத்தவரை அதே சொல்லால் அழைத்துவிட முடியாது. வினைமுற்றின் விகுதியிலே உறவையும் சேர்த்துச் சொல்லும் மொழியைப் பேசும் நாம், செய்தியை உறவிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு படத்தை ஐயமின்றி ஏற்றுக்கொண்டது வியப்புக்குரியதாகும்.

இவ்விடத்தில் கிறகறி பேற்சனை நினைவுகூர்தல் பொருத்தமானது. 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவிலே அமைக்கப்பட்டது. அக்காலத்திற் கண்டியிலே தளம் கொண்டிருந்த அமெரிக்க உளவுத்துறைப் பிரிவிற் பணியாற்றிய மானிடவியலாளருள் பேற்சனும் ஒருவர். போருக்குப் பின், 1951இல், யூர்கன் ரூஷ் என்பாரோடு இணைந்து எழுதிய நூலிலே, ஒவ்வொரு கூற்றும் ஒரு விடயத்தை அறிவிப்பதோடு, கூறுபவருக்கும் கேட்பவருக்குமிடையே நிலவும் உறவினையும் வரையறுக்கின்றது என்ற கருத்தை அவர் முன்வைத்தார். கண்டியில் அவர் பணிபுரிந்தமை தற்செயலான இணைவே. எனினும், அவரது கருத்துக்குப் பெரட்டுக்களத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறெங்கும் கிடைத்திராது. இவ்வகையில், அடிப்படை மாதிரிகள் எனப்படுவனவற்றுள் பேற்சனின் சிந்தனை ஒருபடி முன்னேறிய ஒன்றாகும். ஆயினும், உறவு எவ்வாறு இருக்கின்றது என்று அவர் காட்டினாரேயன்றி, அவ்வுறவு எந்தப் பொருளாதார அடிப்படையிலே நிலைபெறுகின்றது என்பதை அவரது மாதிரி விளக்குவதில்லை.

1955இல் கட்ஸ், லாசர்ஸ்பெல்ட் ஆகியோர் விரிவாக விளக்கிய இருபடிப் பாய்ச்சற் கொள்கையும் இங்கு கருதத்தக்கது. செய்தி முதலிற் கருத்துத் தலைவர்களை அடைந்து, அவர்கள் மூலம் ஏனையோரைச் சேர்கின்றது என்பது அக்கொள்கை. கங்காணியைக் கருத்துத் தலைவர் எனக் கொண்டு தோட்டத்தை விளக்க முற்படுவோர் பெருந்தவறிழைப்பர். அமெரிக்க நகரத்திலே ஒருவர் தம் அயலவரின் சொல்லுக்கு மதிப்பளிப்பது விருப்பத்தின் பாற்பட்டது. கங்காணியின் சொல்லுக்கு வலு, அவர் எழுதிவைத்த கடன் கணக்கிலிருந்து வந்தது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறை இதற்குச் சான்று. கங்காணி ஒருவரையும் அவரது ஆட்களையும், குறித்த கடன்தொகை செலுத்தப்பட்டால் விடுவிக்கத் தயார் எனத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. அச்சீட்டு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குச் சென்றது. அதை எழுதியவர் துரை. படித்தவரும் மற்றொரு துரை. தொழிலாளரோ அனுப்புநருமல்லர், பெறுநருமல்லர். அவர்கள் அச்செய்தியின் பொருளாக, ஒரு தொகையாக, அதனுள்ளே கிடந்தனர். இவர்களுக்கு எந்தப் பெட்டியை ஒதுக்குவது? நாம் கற்ற படங்களில் இதற்கு விடை இல்லை.

பேசுவதற்கு இடமில்லாத மக்கள் பேசாதிருந்துவிடுவதில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளைப் படிப்போர், துரையையும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளி நகையாடும் குரலை அங்கே கேட்பர். மறுமொழி பிறந்தது; ஆனால் அது உரியவரின் செவிக்குச் செல்லாமல், தம்மையொத்தவரின் செவிக்கே திரும்பியது. அதனை உரியவரின் செவிக்குக் கொண்டுசெல்ல முயன்றவர்கள் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் ஆவர். பத்திரிகை படிக்க இயலாதோரை மீனாட்சியம்மாளின் மேடைப் பாடல்கள் சென்றடைந்தன. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் மறுமொழிக்கு ஒரு சட்ட வடிவம் அளித்தது. எனினும், 1940 ஜனவரியிலே ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இலக்காகிக் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். இதனை இரைச்சல் என்று கூறுவோமா? பின்னூட்டலிற் கோளாறு என்று கூறுவோமா? செய்தி தெளிவாகச் சென்றடைந்ததனாலேயே வந்த விளைவு இது. விளங்காமை ஒன்றே தொடர்பாடலின் தடை என்று கருதும் மாதிரிகள் இந்நிகழ்ச்சியின் முன்னே மௌனமாகி விடுகின்றன.

மொழிப் பிரச்சினையையும் இதே நோக்கில் அணுகலாம். கெலிஓயாவுக்கு அண்மையில், உடுநுவரவிலுள்ள லங்காதிலக விகாரையின் பாறையிலே நான்காம் புவனேகபாகுவின் காலத்துச் சாசனங்கள் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டு 1344. காலியிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையிலுள்ள 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டோ சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றது. ஒரே செய்தி மூன்று குறிகளில் என்று இதனைக் கூறிவிட முடியாது. கேட்போர் மாறச் செய்தியே மாறுகின்றது. அக்கால ஆட்சியாளர் கேட்போர் யாவர் என்று சிந்தித்தனர் என்பது இவற்றாற் புலனாகும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியபோது, கேட்போருள் ஒரு பெரும்பகுதியினர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டனர். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயின் கல்வெட்டு எத்தனை மொழியிற் பேசினாலும் அதனிடம் திருப்பிப் பேச முடியாது. படிவம் தமிழில் கிடைத்து, அதனை நிரப்பிக் கொண்டு செல்பவர் கூறுவதை விளங்கிக்கொள்ள அலுவலகத்தில் ஒருவரும் இல்லையாயின், அங்கு நாம் காண்பதும் கல்வெட்டுத் தொடர்பாடலே.

இவை கடந்தகாலச் செய்திகள், கோட்பாட்டு நுணுக்கங்கள் என ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தையில் மண்சரிந்து லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் அபாயமானது, மக்கள் வேறிடம் செல்லவேண்டும் என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்தோம், அவர்கள் வெளியேறவில்லை என்று கூறுவது எளிது. பேர்லோவின் மாதிரியைக் கையிற் கொண்டவர், பெறுநரின் அறிவிலோ மனப்பாங்கிலோ குறை தேடுவார். குடியிருக்கும் லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம், சொந்தக் காணி இல்லை, வேலையும் அங்கேயே. இந்நிலையில் 'எங்கே போவது?' என்பதே அம்மக்களின் மறுமொழி. அதற்கு விடையளிக்கும் கடமை எச்சரிக்கை விடுத்த அமைப்பில் எவருக்கும் இருக்கவில்லை. எச்சரிக்கை சென்றது, வினா திரும்பி வந்தது, அவ்வினாவைப் பெறுவதற்கு ஆளில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டமும் மண்சரிவுகளாற் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த பின்னர், இவ்வினா நமக்கு மிக அண்மையிலே வந்து நிற்கின்றது.

மாதிரி என்பது சுருக்கமே, எல்லாவற்றையும் அதனுள் அடக்க முடியாது என இங்கு மறுப்புக் கூறப்படலாம். உண்மையே. கெலிஓயாவின் வரைபடத்தில் ஒவ்வொரு மரத்தையும் குறிக்கவேண்டியதில்லை. மகாவலி கங்கையை விட்டுவிட்டு வரைந்தால் அது பயனற்ற படமாகும். எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதே பிரச்சினை. மறுமொழி கூறும் உரிமை விடக்கூடாதவற்றுள் ஒன்று என்பது இக்கட்டுரையின் வாதம். இது நமது தனிக் கண்டுபிடிப்பன்று. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிறையரே 1969இலும், பொலிவியாவின் லூயிஸ் ராமிரோ பெல்ற்றான் 1979இலும், மேலிருந்து கீழ்நோக்கிய தொடர்பாடலை இதே வகையில் விமர்சித்துள்ளனர். ஆங்கில நூல்களின் முதலத்தியாயத்தோடு நின்றுவிடும் நமது பாடத்திட்டங்கள் அவர்களை எட்டுவது அரிது.

இறுதியாகத் தமிழ் மரபிலிருந்து ஒன்றைக் குறிப்பிடலாம். தொல்காப்பியச் செய்யுளியல் தொகுத்துக் கூறும் முப்பத்துநான்கு உறுப்புக்களுட் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் என்பனவும் உள. லாஸ்வெலின் வினாக்களிற் பெரும்பாலானவை இவற்றுள் அடங்குகின்றன. இதனைக் கண்டு, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று பெருமிதம் கொள்வதிற் பயனில்லை. தொல்காப்பியர் வகுத்தது செய்யுளுக்குரிய இலக்கணம். சமூகத்துக்குரிய கோட்பாடாக அதனை அவர் முன்வைக்கவில்லை. ஆயின் ஒன்று கவனிக்கத்தக்கது. சொல்லாது விடப்பட்டதை எச்சம் என்றும், இக்கூற்று இன்னார் இன்னார்க்கு இவ்விடத்து உரியது என உய்த்துணர வைப்பதை முன்னம் என்றும் அவர் தனி உறுப்புக்களாக்கினார். அதனினும் முக்கியமானது, அகப்பொருளிலே யாருக்குக் கூற்று உண்டு, யாருக்கு இல்லை என்பதை அவர் வெளிப்படையாக வரையறுத்தமை. ஊராரும் அயலாரும் தந்தையும் தமையனும் நேரே பேசுவதில்லை. அவர்கள் கூறியதாகப் பிறரே எடுத்துக் கூறுவர். இவ்விதி நியாயமானதா என்பது வேறு விடயம். பேசுதல் ஒரு திறன் மாத்திரமன்று, அஃது ஒதுக்கிக் கொடுக்கப்படும் ஓர் உரிமையுமாகும் என்ற உணர்வு அதிலே தெளிவாக உள்ளது. அடிப்படைத் தொடர்பாடல் மாதிரிகளில் இல்லாதது இவ்வுணர்வே. அகப்பாட்டில் ஊரார்க்குக் கூற்று இல்லை. துண்டில் தொழிலாளர்க்குக் கூற்று இல்லை. முன்னையது எழுதப்பட்ட விதி. பின்னையது எழுதப்படாதது, ஆதலால் எளிதிற் கண்ணுக்குப் புலப்படாதது.

எனவே, லாஸ்வெலின் ஐந்து வினாக்களோடு மேலும் இரண்டைச் சேர்த்தல் வேண்டும். மறுமொழி கூறும் உரிமை யாருக்கு உண்டு? அம்மறுமொழிக்குக் கட்டுப்பட வேண்டியவர் யார்? கட்டளையையும் உரையாடலையும், அறிவித்தலையும் கலந்தாலோசித்தலையும் வேறுபடுத்திக் காண இவ்விரு வினாக்களும் துணைசெய்யும். பல்கலைக்கழகத்தினர்க்கும் இவை பொருந்துவன. வினாக்கொத்துக்களோடு தோட்டங்களுக்குச் செல்லும் ஆய்வாளர் விடைகளைத் திரட்டி வருகின்றனர்; ஆய்வேடுகள் உருவாகின்றன. விடையளித்தோருக்கு அவ்வாய்வேடு சென்று சேருவதோ, அதனை மறுத்துரைக்க அவர்களுக்கு ஒரு வாய்ப்பு அளிக்கப்படுவதோ மிக அரிது. அடுத்த முறை ஒரு தோட்டத்தைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடு, அத்தோட்டத்து மக்களின் மொழியிலே அவர்கள்முன் படிக்கப்பட்டு, அவர்களது மறுப்பும் அதன் ஓர் அத்தியாயமாகச் சேர்க்கப்படுமாயின், கோட்டுப் படங்களிற் காணாத ஓர் உறுப்பை நாம் நடைமுறையிலேனும் சேர்த்தவர்களாவோம்.